வாசகர் என்ன படிக்கிறார் என்று கேட்டால் சொல்லத்தான் வேண்டுமா?

கொழும்பில் தமிழர் அமைப்பொன்று நடத்தும் சிறிய நூலகத்தில் உதவியாளராக வேலை செய்யும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள், இடம் தெரியவரக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

நூலக வாசலில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் எழுதவேண்டும். உள்ளே மேசையில் இரவல் கொப்பி. யார், எந்தப் புத்தகத்தை, எப்போது கொண்டு போனார், எப்போது திருப்பித் தந்தார் என்பது அதில். முடிந்த கொப்பிகள் அலுமாரியில் அடுக்கிக் கிடக்கின்றன, வருடக்கணக்காக. அண்மையில் இருந்து அதே விவரங்களைக் கணினியில் எக்செல் தாளிலும் பதிகிறார்கள்.

அண்மையில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஒரு தகப்பன் வந்து, "என்ட மகள் இங்க என்ன புத்தகம் எடுக்கிறா எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேட்டார். மகளுக்கு 19 வயது. சகோதரி கொப்பியைப் புரட்டிச் சொல்லிவிட்டார்: மனச்சோர்வு பற்றி இரண்டு, விவாகரத்துச் சட்டம் பற்றி ஒன்று. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நூலகத்துக்கு வருவதில்லை. அடுத்து, சாதாரண உடையில் இருவர் வந்து, பொலிஸ் என்று ஓர் அட்டையைக் காட்டி, ஓர் இளைஞரின் பெயரைச் சொல்லி அவர் வருகிறாரா, என்ன வாசிக்கிறார், கொப்பியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். பொறுப்பானவர்கள் இல்லை என்று சகோதரி சமாளித்தார். "அடுத்த கிழமை வாறம்" என்று போயிருக்கிறார்கள். மூன்றாவது, புத்தகம் திருப்பித் தராதவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், புத்தகத்தின் பெயர் மூன்றையும் உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் போடும்படி நிர்வாகக் குழுத் தலைவர் சொல்லியிருக்கிறார்.

"அரசியலமைப்பில் அந்தரங்க உரிமையே கிடையாது என்கிறார்கள். பொலிஸ் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்? பெற்றோருக்கு உரிமை இல்லையா? தலைவர் சொன்னதைச் செய்யாவிட்டால் வேலை போய்விடுமா? பேசாமல் பழைய கொப்பிகளை இந்தக் கிழமையே எரித்துவிடட்டுமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விதான் அவசரமானது. எரிக்க வேண்டாம். ஒரு கொப்பியைக்கூட இப்போது தொடாதீர்கள். குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி இருவர் வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு பதிவேடு எரிந்தால், அது சாட்சியத்தை அழித்த வேலை என்று சொல்ல இடம் கொடுக்கும். தண்டனைச் சட்டக் கோவையில் அது தனிக் குற்றம். உங்களை விடுங்கள், அந்த இளைஞரை யோசியுங்கள். நாவல் ஒன்றும் கவிதைப் புத்தகம் இரண்டும் எடுத்த பையனாக இருந்தாலும், கொப்பி சாம்பலானால் "ஏதோ இருந்திருக்கு, அதுதான் எரிச்சிருக்கினம்" என்றுதான் கதை போகும். பழைய கொப்பிகளைக் கழிப்பது நல்ல யோசனைதான். அதற்கு நேரமும் முறையும் உண்டு, கீழே சொல்கிறேன்.

அரசியலமைப்பில் இல்லையென்றால் எங்குமே இல்லையா?

உங்களுக்குச் சொன்னவர்கள் பாதி சரி. இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஓர் உறுப்புரை கிடையாது. ஆனால் 2015இல் 19ஆவது திருத்தம் கொண்டுவந்த 14அ உறுப்புரை, தகவல் பெறும் உரிமையைக் கொடுக்கும்போதே, பிறருடைய அந்தரங்கத்துக்காக அதை மட்டுப்படுத்தலாம் என்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் அப்படியே: பொது அலுவலோடு சம்பந்தமில்லாத ஒருவருடைய சொந்த விவரத்தை, பெரிய பொதுநலக் காரணம் இருந்தாலோ அவரே சம்மதித்தாலோ தவிர, கொடுக்க மறுக்கலாம். ஆகவே மாநகர சபை நடத்தும் கொழும்பு பொது நூலகத்துக்கே ஒருவர் இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு, "இன்னார் என்னென்ன படித்தார்" என்று கேட்டாலும், அந்தப் பிரிவைக் காட்டி மறுக்க இடமுண்டு.

நம்முடைய பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில், ஒருவருடைய மானத்துக்கும் கண்ணியத்துக்கும் செய்த கெடுதிக்கு நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போகலாம். இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் சர்வதேச உடன்படிக்கையின் 17ஆவது உறுப்புரை அந்தரங்கத்தைப் பற்றியது. இவற்றோடு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரசபை பற்றிய பகுதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. முக்கிய கடமைகளைச் சொல்லும் பகுதிகள் 2025 மார்ச்சில் வரவேண்டியிருந்து பிற்போடப்பட்டன. எந்தப் பகுதி எப்போது அமுலாகிறது என்பதை வர்த்தமானியைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. சட்டம் சொல்லும் அடிப்படை எளிமையானது: என்ன காரியத்துக்கு விவரம் வாங்கினீர்களோ அந்தக் காரியத்துக்கு மட்டும் பாவியுங்கள், தேவைக்கு மேல் வாங்காதீர்கள், தேவை முடிந்தால் வைத்திருக்காதீர்கள், பத்திரமாக வைத்திருங்கள். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க அதில் இடமுண்டு. மதநம்பிக்கை, அரசியல் கருத்து, இனம், உடல்நலம் போன்றவற்றைக் காட்டும் தரவுக்குக் கூடுதல் பாதுகாப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. இரவல் கொப்பியை ஒருமுறை அந்தக் கண்ணோடு புரட்டிப் பாருங்கள். யார் என்ன நோயைப் பற்றிப் படிக்கிறார், யார் மதம் மாற யோசிக்கிறார், யார் எந்த அரசியலைத் தேடுகிறார் என்று ஊகிக்க அதில் எவ்வளவு கிடக்கிறது! ஊகம் பிழையாக இருப்பதுதான் இன்னும் மோசம்.

பொலிஸ் என்று வருபவர்கள்

அட்டையைக் காட்டினால் கொப்பியைக் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள். அட்டை, வந்தவர் யார் என்பதைத்தான் சொல்லும். எந்த அதிகாரத்தில் கேட்கிறார் என்பதை அது சொல்லாது. நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டாவதை.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின்படி விசாரணைக்கு ஓர் ஆவணம் தேவையென்றால், நீதிமன்றம் அதைச் சமர்ப்பிக்கும்படி கட்டளையிடலாம், தேடுதல் ஆணை கொடுக்கலாம். பொலிஸார் கேட்டுக்கொண்டால் விசாரணைக்குத் தேவையான கட்டளைகளை நீதவான் பிறப்பிக்க 124ஆம் பிரிவு வழி செய்கிறது. வழி இருக்கும்போது, "சும்மா ஒரு படம் எடுக்கிறம்" என்பதற்குக் கொப்பியை நீட்டவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. மரியாதையாக, சத்தம் போடாமல் இப்படிச் சொல்லுங்கள்: "வாசகர்களின் விவரத்தைக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. எழுத்தில் தாருங்கள், செயலாளர் பதில் தருவார்." வந்தவர்களின் பெயர், பதவி, பொலிஸ் நிலையம், திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நிலையத்துக்குச் செயலாளர் தொலைபேசி எடுத்து, அப்படி ஆட்கள் அனுப்பப்பட்டார்களா என்று விசாரிக்கட்டும். பொலிஸ் என்று சொல்லிக்கொண்டு வரும் கடன் வசூலிப்பவர்களையும், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரிப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தொலைபேசியில் கேட்பவருக்கு, அவர் யாராக இருந்தாலும், ஒன்றும் சொல்லவேண்டாம்.

இரண்டு விஷயத்தில் கவனம். ஒன்று, முறையான விசாரணையில் உங்களிடம் வாக்குமூலம் எடுத்தால் உண்மை சொல்லக் கடமை உண்டு. "அப்படி ஒரு பிள்ளை இங்க வாறதே இல்ல" என்று சொல்லிக் காப்பாற்றிவிட மனம் தூண்டும். செய்யாதீர்கள். கொப்பி இருக்கும்போது அந்தப் பொய் ஒரு நாள் நிற்காது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதை, தமிழில் விளக்கிச் சொல்லும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். இதைப் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வருபவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிற்று, ஆனாலும் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இரண்டு, பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கணக்கு. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கும், அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாதவருக்கும், ஆணை இல்லாமலே உள்ளே வந்து தேடவும் ஆவணங்களைக் கைப்பற்றவும் இடம் கொடுக்கிறது. அதை மாற்றவேண்டும் என்ற பேச்சு நீண்டகாலமாக நடக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் வந்தால், வாசலில் நின்று சட்டம் பேசவேண்டாம். எழுத்திலான அதிகாரத்தைக் காட்டும்படி கேளுங்கள், செயலாளரையும் ஒரு சட்டத்தரணியையும் அழையுங்கள், எடுத்துச் செல்லும் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள், உடலால் தடுக்கப் போகாதீர்கள்.

நீதிமன்றக் கட்டளை வந்தால்? கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கட்டளையில் உள்ளதை மட்டும். உங்கள் கொப்பியில் ஒரு பக்கத்தில் இருபது வரி இருக்கும். கேட்டது ஒரு வரி என்றால், மற்றப் பத்தொன்பது பேரும் அந்த விசாரணைக்குள் போகவேண்டியதில்லை. மூலத்தைக் காட்டி, ஏனைய வரிகளை மறைத்த பிரதியை ஏற்றுக்கொள்ளலாமா என்று நீதவானிடமே கேட்கலாம். அதற்குச் சட்டத்தரணி ஒருவர் முன்னிலையாகவேண்டும்.

பொலிஸார் அத்துமீறினால் அடிப்படை உரிமை மனுவுக்கு 126ஆவது உறுப்புரை உண்டு, ஆனால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் திகதியைக் குறித்துவையுங்கள் என்றேன்.

தகப்பன் கேட்டது

இதில் உங்கள் மனம் உறுத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. பதற்றத்தோடு வந்த ஒரு தகப்பனுக்கு உதவவே நினைத்தீர்கள். அவர்மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 1989இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இலங்கையில் பராயமடையும் வயது 18. பத்தொன்பது வயதுப் பெண்ணின் இரவல் கணக்கில் தகப்பனுக்கு உள்ள உரிமை, பக்கத்து வீட்டுக்காரருக்கு உள்ளதுதான். விவாகரத்துச் சட்டப் புத்தகத்தை அவர் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு எடுத்திருக்கலாம், சிநேகிதிக்காக எடுத்திருக்கலாம். மனச்சோர்வு பற்றிய புத்தகம் உண்மையிலேயே அவருக்காகத்தான் என்றால், உதவி தேடிய ஓரிடம் அவருக்கு மூடப்பட்டுவிட்டது.

இனி என்ன செய்யலாம்? வீட்டுக்குப் போகவோ தகப்பன் மூலம் சொல்லி அனுப்பவோ வேண்டாம். அந்தப் பிள்ளை எப்போதாவது வந்தால், "என்னால் நடந்த பிழை, இனி நடக்காது" என்று நேரே சொல்லுங்கள். அவ்வளவு போதும். மறுபடி ஒரு தகப்பனோ கணவனோ வந்து கேட்டால், "நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை, நீங்கள் எடுப்பதையும் யாருக்கும் சொல்லமாட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டாவது பகுதி பலரைச் சமாதானப்படுத்தும்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் கொஞ்சம் வேறு. பெற்றோர் பிணை நின்று எடுத்த உறுப்புரிமை என்றால், எந்தப் புத்தகம் திரும்பவில்லை என்று பெற்றோரிடம் கேட்பது இயல்பு. ஆனால் இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம் பிள்ளைகளுக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் முழுப் பட்டியலையும் தூக்கிக் கொடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப் பட்டியல்

போடாதீர்கள். புத்தகம் திரும்பி வராத எரிச்சல் எனக்கும் புரியும். அதற்குத் தனித்தனியாக ஒரு குறுஞ்செய்தி போதும், அதிலும் புத்தகத்தின் பெயர் வேண்டாம். "உங்களிடம் உள்ள ஒரு புத்தகத்தின் தவணை முடிந்துவிட்டது" என்றால் அவருக்குத் தெரியும். கைத்தொலைபேசியை வீட்டில் வேறு யார் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது அல்லவா? தலைவர் பிடிவாதமாக இருந்தால், நட்டஈட்டு வழக்கு வந்தால் பதில் சொல்லவேண்டியது அமைப்பும் பட்டியல் போட்டவரும்தான் என்று மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

கொப்பியில் என்ன இருக்கவேண்டும்

கேட்பவரை எப்படிச் சமாளிப்பது என்பதைவிட, கொடுக்க என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. கொழும்புத் தமிழருக்கு இதை விளக்கவேண்டுமா? 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையின்போது வீடு தேடி வந்த கூட்டங்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். வாக்களிக்க எழுதிய பட்டியல் அது.

முதலில் வாசல் பதிவேடு. அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கம் என்று நினைக்கவேண்டாம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாகவே இருக்கும். ஆக, திறந்து கிடக்கும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கக் குனிகிற எவரும், தனக்கு முன்னால் வந்த பெண்ணின் பெயர், வீடு, பிறந்த திகதி மூன்றையும் ஒரே பார்வையில் எடுத்துப் போகலாம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்குத்தான் தேவை என்றால், கோடு போட்டு எண்ணினால் போதும். அடையாள அட்டையை உறுப்பினராகச் சேரும்போது ஒருமுறை பார்த்துச் சரிபாருங்கள். போட்டோப் பிரதி எடுத்துக் கோப்பில் போடும் பழக்கத்தையும் விடுங்கள்.

அடுத்தது இரவல் பதிவு. புத்தகம் வெளியே இருக்கும்வரை யாரிடம் இருக்கிறது என்று தெரியவேண்டும். திரும்பி வந்து, கிழியவில்லை என்று பார்த்து, தண்டப்பணம் இருந்தால் வாங்கிய பிறகு, அந்தப் பெயர் எதற்கு? எந்தப் புத்தகம் எத்தனை முறை போனது என்ற எண்ணிக்கை மட்டும் போதும். நம் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் பாவிக்கும் கோஹா மென்பொருளில் இதற்கென்றே வசதி உண்டு: திரும்பிய புத்தகத்தின் பதிவிலிருந்து வாசகரின் பெயரை நீக்கிவிட்டு, இரவல் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளும். அது இலவச மென்பொருள். அதற்கு மாறும்வரை, இப்போதைய விசாரணை விஷயம் முடிந்த பிறகு, எக்செல் தாளிலேயே புத்தகம் திரும்பியதும் பெயர்க் கட்டத்தை வெறுமையாக்குங்கள். கோப்புக்குக் கடவுச்சொல் போடுங்கள். பென் டிரைவிலும் தலைவரின் மடிகணினியிலும் கிடக்கும் பிரதிகளையும் மறக்காதீர்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான். வாசகர்கள் பாவிக்கும் கணினி இருந்தால், உலாவி மூடும்போதே வரலாறு அழியும்படி அமைத்துவிடுங்கள்.

புத்தகத்தின் பின் அட்டைப் பையில் முன்னர் எடுத்தவர்களின் பெயர் எழுதிய பழைய கார்ட்டுகள் உங்களிடமும் இருக்கும். மாணவனாக இருந்த காலத்தில் எனக்கு முன்னால் யார் வாசித்தார் என்று அதில் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. இப்போது சொல்கிறேன், அவற்றை எடுத்துவிடுங்கள், திகதிச் சீட்டு மட்டும் போதும். ஆனால் கார்ட்டுகளையும் கொப்பிகளோடு கட்டி வையுங்கள். இப்போதைக்கு எதையும் அழிக்கக்கூடாது.

அந்தக் கொப்பிகளுக்கு வருவோம். நிர்வாகக் குழுக் கூட்டத்தில், திரும்பி வந்த புத்தகங்களின் இரவல் பதிவை இவ்வளவு காலத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதி நிறைவேற்றுங்கள். மூன்று மாதம் என்று வையுங்கள், போதும். இப்போதைய விசாரணை எழுத்தில் வந்தால் அதற்குப் பதில் போய்ச் சேரும்வரை, வராவிட்டால் செயலாளர் பொலிஸ் நிலையத்தில் கேட்டு விசாரணை எதுவும் இல்லை என்று தெரியும்வரை பழையவற்றைப் பூட்டி வையுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணியின் எழுத்திலான ஆலோசனையோடு, தீர்மானத்தின்படி, இருவர் முன்னிலையில் கிழித்து அழித்து அதையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். ஒழுங்காக நடக்கும் கழிவகற்றலுக்கும் பயந்து எரிப்பதற்கும் நீதிமன்றத்தில் நிறைய வித்தியாசம்.

"இதெல்லாம் உங்கட புதுக் கதை" என்று யாராவது சொன்னால், அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே வாசகர் விவரத்தை இரகசியமாகக் காக்கவேண்டும் என்று தன் ஒழுக்கக் கோவையில் எழுதியதைச் சொல்லுங்கள். 2005இல் அங்கே கனெக்டிகட் மாநிலத்தில், நீதிபதியின் கட்டளை இல்லாமல் மத்திய புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ. கேட்ட நூலகக் கணினிப் பாவனை விவரத்தைக் கொடுக்க மறுத்து நான்கு நூலகர்கள் நீதிமன்றம் போனார்கள். அடுத்த வருடம் எப்.பி.ஐ. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது.

உங்கள் வேலை பற்றிக் கேட்டீர்கள். வாய்ச்சொல்லில் மறுத்துக்கொண்டிருந்தால் ஆபத்து உங்களுக்குத்தான். இன்றே செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: நடந்த மூன்றையும் திகதியோடு சொல்லி, "வாசகர் விவரத்தை யாருக்கு, எந்த நிலையில் கொடுக்கலாம் என்று எழுத்தில் அறிவுறுத்துங்கள், அதுவரை கொடுக்காமல் இருக்கிறேன்" என்று முடியுங்கள். கையில் கொடுத்தால் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி வீட்டில் இருக்கட்டும். அந்த இருவரும் அடுத்த கிழமை வந்தால், பேசவேண்டியவர் செயலாளர். அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டு ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வருவதற்குள் எழுத்தில் ஏதாவது கையில் கிடைத்தால், பதில் போடுமுன் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள்.